கற்றுக் கொடுத்தோமா?
எட்வர்ட்ஸ் டெமிங்கின் வாழ்வும் பணியும்

(கட்டுரையாளர்: இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர், 2011 அணி)

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடு, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படணும், நம்ம பழைய ஆட்களும் படிக்கணும் என்று கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று வழக்கமான பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தனிப்பட்ட முறையில் கடன் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத இன்ஜினியர் நம்மில் இருக்க முடியாது. டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் பேப்பரில் டெமிங்கின் 14 அம்சங்களை விவரி என்று பதினாறு மார்க் கேள்வி வரும். நானும் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பதினாலையும் உருப்போட்டு, மறுநாள் வரிசை மாறாமல் எழுதினேன். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்து டீ குடிப்பதற்குள் அத்தனையும் மறந்து போச்சு. அப்படி மறந்ததற்கு விலை கொடுத்தவன் நானில்லை, வேறொருவர். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மெமோ

படிப்பு முடிந்து நான் சேர்ந்தது உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் கிரைண்டிங் பகுதிக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அங்கே ஒரு சென்டர்லெஸ் கிரைண்டிங் மெஷினில் பின்களின் விட்டம் ஒழுங்காக வராமல் ரிஜெக்ஷன் கூடிக்கொண்டே போனது. மெஷினை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். மேலிடத்தில் நெருக்கினார்கள். நானும் யோசிக்காமல், கவனக்குறைவு என்று எழுதி அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் அவருக்கு இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை.

ரிஜெக்ஷன் மட்டும் குறையவே இல்லை. ஏன் குறையவில்லை என்று தேடப் போனபோதுதான் டெமிங்கை இரண்டாம் முறை படித்தேன். இந்த முறை மார்க்குக்காகப் படிக்கவில்லை.

வயோமிங்கிலிருந்து ஹாத்தார்ன் வரை

டெமிங் 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சியூ சிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் வயோமிங் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. புதிதாகக் குடியேறியவர்களின் ஊர், வறண்ட நிலம், கையில் காசில்லாத வீடு. தாயார் இசை கற்பித்தவர். பையன் பள்ளி நாட்களிலேயே சின்னச் சின்ன வேலைகள் செய்து வீட்டுக்கு உதவினான். இந்த ஏழ்மை அவரிடம் கடைசிவரை ஒரு குணத்தை விட்டுச் சென்றது. பொருளோ மனித உழைப்போ வீணாவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

1921-இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம், பிறகு கொலராடோவில் முதுகலை, 1928-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியலில் டாக்டர் பட்டம். நம்மைப் போல இன்ஜினியராக ஆரம்பித்தவர்தான் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

யேலில் படிக்கும்போது 1925, 1926 கோடை விடுமுறைகளில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். டெலிபோன் கருவிகள் செய்யும் அந்த இடத்தில் பல்லாயிரம் பேர், பெண்கள் உட்பட, பீஸ் ரேட் கூலிக்கு உழைத்தார்கள். செய்து முடித்ததை ஒருவர் சோதிப்பது, சரியில்லை என்றால் தூக்கிப் போடுவது, கூலியைக் குறைப்பது என்பதே அங்கிருந்த முறை. தவறு நடந்த பிறகு ஆளைப் பிடிப்பதைவிட, தவறு வராமலே வேலையை அமைக்க முடியாதா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

பதில் அதே நிறுவனக் குடும்பத்தில் இருந்து வந்தது. பெல் ஆய்வகத்தின் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் கன்ட்ரோல் சார்ட்டை உருவாக்கியிருந்தார். எந்த வேலையிலும் அளவுகள் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். அந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டு வகை உண்டு என்றார் ஷூஹார்ட். ஒன்று, அந்த வேலைமுறைக்கே உள்ள இயல்பான ஆட்டம். மற்றது, ஏதோ ஒரு தனிக் காரணத்தால் வருவது. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோடுகள்தான் கன்ட்ரோல் சார்ட். நாம் லேபில் சலிப்போடு வரைந்த அதே கோடுகள்! அமெரிக்க வேளாண் துறையில் வேலைக்குச் சேர்ந்த டெமிங், ஷூஹார்ட்டைக் குருவாக ஏற்றார். 1938-இல் அவரைத் தம் துறையின் பட்டப்படிப்புப் பள்ளிக்கு அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்து, அவற்றைத் தாமே செப்பனிட்டு மறு ஆண்டே நூலாக்கினார். தாம் கற்பிக்கும் முன் பத்தாண்டுக்கு மேல் மாணவராக இருந்தவர் டெமிங்.

போர்க்கால வகுப்புகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் தொழிற்சாலைகளுக்குள் புது ஆட்கள் வெள்ளமாய் வந்தார்கள். முன்பின் மெஷினைத் தொட்டறியாதவர்கள் விமான உறுப்புகளும் வெடிகுண்டு ஃபியூஸ்களும் செய்ய வேண்டியிருந்தது. 1942-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து யோசனை கேட்டு டெமிங்குக்குக் கடிதம் வந்தது. ஷூஹார்ட்டின் முறையை இன்ஜினியர்களுக்கும் சோதனையாளர்களுக்கும் சில நாள் வகுப்புகளாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 31,000 பேர் இந்த வகுப்புகளில் பயிற்சி பெற்றார்கள். பல வகுப்புகளை டெமிங்கே நடத்தினார்.

பலன் இருந்ததா? இருந்தது. கழிவு குறைந்தது, உற்பத்தி ஏறியது. ஆனால் இந்த வெற்றியின் அடுத்த அத்தியாயம்தான் நமக்கு முக்கியம். போர் முடிந்தது. உலகத்தின் மற்றத் தொழிற்சாலைகள் எல்லாம் இடிந்து கிடந்ததால் அமெரிக்கா எதைச் செய்தாலும் விற்றது. எண்ணிக்கை போதும், தரம் எதற்கு என்ற மனப்பான்மை வந்தது. சார்ட்டுகள் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறங்கின. சில வருஷங்களில், அவ்வளவு பேர் கற்றது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

எங்கே தவறியது என்று டெமிங் பின்னாளில் அடிக்கடி சொல்வார். கீழே உள்ளவர்களுக்குக் கற்பித்தோம், மேலே உள்ளவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதே அவர் கண்ட குறை. வகுப்பு முடிந்து ஆர்வத்தோடு திரும்பிய இன்ஜினியரை, இதெல்லாம் எதற்கு, பீஸ் எத்தனை ஆச்சு என்று கேட்கும் மேலதிகாரி இருந்தால், கற்றது ஒரு மாசம்கூடத் தாங்காது. டிரெயினிங் முடிந்து வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்த நம் எல்லோருக்கும் இது தெரிந்த அனுபவம்தானே!

டோக்கியோ, 1950

போரில் நொறுங்கிய ஜப்பானுக்கு டெமிங் முதலில் சென்றது 1947-இல், மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு உதவ. அங்கே விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் ஒன்று இருந்தது. தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்த அவர்கள் அழைத்ததன் பேரில் 1950 கோடையில் மீண்டும் போனார். ஜப்பான் பொருள் என்றாலே மலிவுச் சரக்கு என்று உலகம் சிரித்த காலம் அது.

ஜூலை மாதம் டோக்கியோவில் எட்டு நாள் வகுப்பு. நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து கேட்டார்கள். டெமிங்குக்கு மட்டும் பயம் பிடித்தது. அமெரிக்காவில் நடந்ததே இங்கும் நடக்கும், நான் கப்பலேறியதும் எல்லாம் அணைந்துவிடும் என்ற பயம். அதனால் முதலாளிகளைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சங்கத்தின் தலைவர் இச்சிரோ இஷிகாவா நாட்டின் பெரிய தொழில் கூட்டமைப்புக்கும் தலைவர். அவர் அழைப்புக்கு மறுப்பேது? ஜூலை 13-ஆம் தேதி 21 பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் ஒரே அறையில் கூடினார்கள். பின்னர் ஹகோனே என்ற மலை ஊரில் நிர்வாகிகளுக்கென்றே தனி வகுப்பும் நடந்தது.

சப்ளையரிலிருந்து வாடிக்கையாளர் வரை எல்லாம் ஒரே தொடர் என்று அவர்களுக்கு அவர் விளக்கினார். ஐந்து வருஷத்தில் உலகச் சந்தை உங்கள் சரக்கைத் தேடி வரும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பலர் அன்று நம்பவில்லை. ஆனால் சொன்னதைச் செய்து பார்த்தார்கள். அதற்குமுன் அவர்கள் இழக்க வேறொன்றும் இல்லை.

அந்தச் சொற்பொழிவுகளை அச்சிட்டு விற்றதில் வந்த பணத்தை டெமிங் வாங்கிக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு 1951-இல் அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். அதுவே டெமிங் பரிசு. 1954-இல் ஜோசப் ஜூரான் வந்து நிர்வாகிகளுக்குப் பாடம் எடுத்தார். கவுரு இஷிகாவா அந்தப் பாடத்தை ஃபோர்மேன்கள் வரை கொண்டு போனார். 1962-இல் ஃபோர்மேன்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டு, குவாலிட்டி சர்க்கிள்கள் பிறந்தன. ஆகவே ஜப்பானின் உயர்வு ஒரு தனி மனிதரின் சாதனை என்று நான் சொல்ல வரவில்லை. மேலே ஆரம்பித்துக் கீழே வரை கற்றார்கள், கற்றுக்கொண்டே இருந்தார்கள். அதுதான் விஷயம். 1960-இல் ஜப்பான் சக்கரவர்த்தியின் பெயரால் டெமிங்குக்கு உயரிய விருது வழங்கப்பட்டது.

சொந்த நாட்டில்

சொந்த நாட்டில் அவரைச் சீந்துவார் இல்லை. வாஷிங்டனில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு புள்ளியியல் ஆலோசகராகக் காலம் தள்ளினார். 1980 ஜூனில் என்பிசி தொலைக்காட்சி, ஜப்பானால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் டெமிங் தோன்றினார். அப்போது அவர் வயது 79. மறுநாளில் இருந்து அவர் டெலிபோன் ஓயவில்லை.

1980 முதல் 1982 வரை மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்ட ஃபோர்டு கம்பெனி அவரை அழைத்தது. கார் டிசைனைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களிடம், நீங்கள் ஆட்களை எப்படி நிர்வகிக்கிறீர்கள் என்று கேட்டார். 1986-இல் ஃபோர்டின் லாபம், 1920-களுக்குப் பிறகு முதன்முறையாக, ஜெனரல் மோட்டார்ஸின் லாபத்தைத் தாண்டியது. 1987-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 1993 டிசம்பர் 20 அன்று 93-ஆம் வயதில் காலமாகும் முன், அதே மாதத்தில்கூட நான்கு நாள் வகுப்பு ஒன்றை நடத்தினார் அந்தக் கிழவர்.

மணிகளும் புனலும்

அந்த நான்கு நாள் வகுப்புகளில் இரண்டு விளையாட்டுகள் தவறாமல் இருக்கும்.

முதலாவது, சிவப்பு மணி. ஒரு பெட்டி நிறைய மணிகள், ஐந்தில் ஒன்று சிவப்பு, மீதி வெள்ளை. பார்வையாளர்களில் ஆறு பேரைத் தொழிலாளிகளாக அழைப்பார். ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையைப் பெட்டிக்குள் அமிழ்த்தி எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. டெமிங்தான் ஃபோர்மேன். குறைவாகச் சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரைத் திட்டுவார், சிலரை வேலையை விட்டே நீக்குவார். சபை சிரிக்கும். கடைசியில் கணக்குப் போட்டால் சராசரி பத்து. ஏறக்குறைய இரண்டிலிருந்து பதினெட்டு வரை எந்த எண் வந்தாலும் அது பெட்டியின் குணமே தவிர, ஆளின் திறமையோ சோம்பலோ அல்ல. இந்த ஆறு பேருக்கும் எத்தனை டிரெயினிங் கொடுத்தாலும் ஒரு சிவப்பு மணிகூடக் குறையாது. பெட்டியை மாற்றும் அதிகாரம் ஃபோர்மேனுக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும்தான்! தொல்லைகளில் நூற்றுக்கு 94 பங்கு வேலைமுறையைச் சேர்ந்தது என்பது அவர் மதிப்பீடு. வருடாந்திர மதிப்பெண் போட்டு ஆட்களை வரிசைப்படுத்துவதை அவர் நோய் என்றே கருதினார். அப்ரைசல் மாதத்தில் தூக்கம் கெடும் நம் சாஃப்ட்வேர் நண்பர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் டிரெயினிங்கே வீணா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை. ஒருவரின் வேலை இன்னும் நிலைப்படவில்லை, சார்ட்டில் தாறுமாறாக ஓடுகிறது என்றால், நல்ல பயிற்சி அவரை நிச்சயம் உயர்த்தும். ஒரே நிலையில் படிந்துவிட்டவருக்கு அதே பாடத்தைத் திரும்ப நடத்துவதில் பயனில்லை. கால்ஃப் ஆட்டக்காரர்களின் புள்ளிகளை வைத்து இதை அவர் விளக்குவார். புதிதாகக் கற்பவருக்குப் பாடம் பலித்தது, தப்பாகப் பழகிப் படிந்தவருக்குப் பலிக்கவில்லை. எனவே முதல் பாடமே சரியாக அமைய வேண்டும்.

இரண்டாவது விளையாட்டு, புனல். மேஜையில் ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேர் மேலே புனலைப் பிடித்துக் கோலிக்குண்டைப் போடுவார். குண்டு புள்ளிக்குப் பக்கத்தில் எங்கோ விழும். அடுத்த முறை, குண்டு விழுந்த இடத்துக்கு மேலே புனலை நகர்த்தி வைப்பார். இப்படியே ஒவ்வொரு முறையும் செய்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளியை விட்டே விலகிப் போய்விடும். ஒரு தொழிலாளி அடுத்தவருக்கும், அவர் அடுத்தவருக்கும் வேலை சொல்லிக் கொடுப்பது இதுதான் என்றார் டெமிங்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த கிரைண்டிங் மெஷின் ஞாபகம் வந்தது.

மீண்டும் அந்த மெமோ

மறுநாளே விசாரித்தேன். மெஷின் வந்த புதிதில் கம்பெனிக்காரர்களிடம் நேராகக் கற்றவர் ஒருவர். அவர் ரிடையர் ஆகும்போது இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று நம்ம அண்ணன் நாலாவது ஆள். முதல் ஆள் காலையில் மெஷினைப் போட்டு இருபது நிமிஷம் சும்மா ஓடவிடுவாராம். மெஷின் சூடேறி ஒரு நிலைக்கு வந்தால்தான் அளவு நிற்கும். அந்த நேரத்தில் அவர் டீ குடிப்பார். பார்த்துக் கற்றவருக்கு டீ மட்டும்தான் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. உற்பத்தி நெருக்கடி வந்தபோது டீயை நிறுத்தினார்கள், இருபது நிமிஷமும் போச்சு. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து பின்களை அளந்து சராசரி பார்த்துத்தான் செட்டிங்கைத் தொட வேண்டும் என்பது நாலாவது ஆளிடம் வரும்போது, ஒவ்வொரு பின்னுக்கும் திருகு என்று ஆகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் திருகினால் ஆட்டம் கூடத்தான் செய்யும். அண்ணன் கவனக்குறைவாக இருக்கவில்லை. தனக்குச் சொன்னதை அளவுக்கு மீறிய கவனத்தோடு செய்துகொண்டிருந்தார்.

மேனுவலைத் தேடி எடுத்து, அவரோடு உட்கார்ந்து, ஒரு தாளில் தமிழில் எழுதி மெஷினிலேயே மாட்டினோம். இருபது நிமிஷ ஓட்டத்துக்கு மேலதிகாரியிடம் அனுமதி வாங்க ஒரு மாசம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மேலே உள்ளவருக்குப் புரியாமல் கீழே கற்பது நிலைக்காது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அனுமதி வந்த பிறகு ரிஜெக்ஷன் நன்றாகவே குறைந்தது.

மெமோவைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் ஏறியதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். விடுங்க சார் என்பதோடு முடித்துக்கொண்டார். அந்த இன்கிரிமென்ட் போனது போனதுதான். இப்போது நினைத்தாலும் முள்ளாய்க் குத்துகிறது.

நம்மூர்ப் பக்கம்

டெமிங்கின் பாடம் நம்மூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1998-இல் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் டிவிஎஸ் மோட்டார் என்று வரிசை நீண்டது. வயோமிங்கில் வறுமையில் வளர்ந்த ஒருவர், டோக்கியோவில் விட்டுக்கொடுத்த பணம், பாடியில் ஒரு பதக்கமாக வந்து இறங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மாணவத் தம்பி, தங்கைகளே! அந்தப் பதினாலையும் உருப்போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறாவதையும் பதின்மூன்றாவதையும் மறக்காதீர்கள். ஆறாவது, வேலைக்கான பயிற்சி. பதின்மூன்றாவது, ஒவ்வொருவரும் தம்மை வளர்த்துக்கொள்ளும் கல்வி. முதலாவது இன்றைய வேலைக்கு, இரண்டாவது நாளைய மனிதருக்கு.

பல இடங்களில் உயர் பதவியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கு ஒரு விண்ணப்பம். செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரும்போது முதலில் டிரெயினிங் பட்ஜெட்டில் கை வைக்காதீர்கள். வகுப்புக்கு ஆட்களை அனுப்பினால் ஒருநாளாவது நீங்களும் போய் உட்காருங்கள். யாருக்காவது மெமோ எழுதப் பேனாவை எடுக்கும்போது, இவருக்கு இந்த வேலையை யார், எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

நான் கேட்காமல் எழுதினேன். நீங்கள் கேட்டுவிட்டு எழுதுங்கள்.